கவிஞனுக்கு நோய், நமக்குப் பேய்

அக்டோபர் 10 எங்கள் பக்கத்தில் காரணை நாள். 1994இல் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காகச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்த நாள். அதே அக்டோபர் 10தான் உலக மனநல நாளும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். 2013இல் அந்த நாளில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன். கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் ஆரம்பித்து எங்கெங்கேயோ போய், என்னாலேயே நிறுத்த முடியாமல், மைக்கை வாங்கிக்கொண்டபிறகும் பேசினேன். தோழர்கள் கைதட்டினார்கள். 'பொண்ணு தீயா பேசுது' என்று மூத்த தோழர் ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போது நான் தூங்கி நாலு நாள் ஆகியிருந்தது.

அதற்கு இரண்டாம் நாள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் எதிரில் ஒரு மண்குடத்தோடு போய் உட்கார்ந்தேன். அந்தச் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து மந்திரி பேச்சுவரை சொல்கிறார்களே, அது. எம்.ஏ. தமிழில் எனக்கு அது பாடமாகவும் இருந்தது. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தத் 'தொட்டில்' தகுதி கேட்கிறது. நான் ஒரு துண்டுச் சீட்டில் என் ஆயா பேரை எழுதிக் குடத்தில் போட்டு, 'எங்க ஓலையையும் எடுங்கடா' என்று கத்தினேனாம். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும். கூட்டம் கூடிப்போச்சு. கடைசியில் தம்பி வந்து தூக்கிக்கொண்டு போனான்.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் நான் கத்தினதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆறு நாள் தூங்காமல் கத்தினேன் பாருங்கள், அதுதான் நோய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பத்து வருஷம் ஆனது. நம் இலக்கியமோ விமர்சனமோ அதற்கு எனக்கு உதவினதா என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க வந்தது.

அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயா சொன்னது, 'காத்து கருப்பு அடிச்சிருக்கு, உச்சி வேளையில ஏரிக்கரை பக்கம் போனா பாரு.' ஊர்த்தெருவில் சொன்னது, 'படிச்ச திமிரு, சேரிப் பொண்ணுக்கு வாயப் பாரேன்.' தோழர்கள் சொன்னது, 'போர்க்குணம்.' முதன்முதலில் கூட்டிக்கொண்டு போன கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து, 'எந்தக் காலனி? வீட்ல குடிப்பாங்களா?' என்று கேட்டார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனோம், எலுமிச்சம்பழம் வெட்டினோம், சோளிங்கர் தக்கான் குளத்தில் முங்கினோம். நடுவில் ஏறினது இறங்கிவிட்டது. தை மாசத்திலிருந்து வைகாசி வரைக்கும் தகரக் கொட்டகையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். மகளிர் குழுவில் கடன் எடுத்து யார் யாருக்கோ அள்ளிக் கொடுத்த நாற்பதாயிரம் ரூபாயை அம்மா நாற்று நட்டுக் கட்டினாள். 2014 ஆடியில்தான் ஓர் அரசு மருத்துவமனையில் ஓர் அம்மா டாக்டர் நிதானமாக ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, 'இதுக்குப் பேர் இருமுனை மனநிலைக் கோளாறு, ஏறும் இறங்கும், கட்டுப்படுத்தலாம்' என்றார். அந்தப் பெயர் கிடைத்தபோது நான் அழவில்லை. அம்மாதான் அழுதாள், 'அப்ப பேய் இல்லியா' என்று. சந்தோஷமா துக்கமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இந்தப் பெயரைத் தமிழில் எங்கே படித்திருக்கிறோம் என்று தேடினால் முதலில் வருவது ஆத்மாநாம். 1951இல் பிறந்து 33 வயதில், 1984 ஜூலையில் தன் உயிரை முடித்துக்கொண்ட கவிஞர். 'ழ' பத்திரிகை நடத்தியவர். சொந்தமாக ஆயத்த ஆடைத் தொழில் தொடங்கி அது நொடித்துப் போனது. அவருக்கு வந்தது மனநிலை சார்ந்த நோய் என்பதை மருத்துவப் பெயரோடு பதிவு செய்தவர் அவருடைய கவிதைகளைத் தொகுத்த பிரம்மராஜன். நண்பனுக்குச் செய்த பெரிய காரியம் அது, நான் குறை சொல்லவில்லை. ஆத்மாநாம் கவிதைகளை எம்.ஏ. படிக்கும்போது மனப்பாடமாக வைத்திருந்தவள் நான்.

ஆனால் அதற்கப்புறம் சிறுபத்திரிகை உலகம் அந்த நோயை என்ன செய்தது? அதை ஒரு பட்டமாக்கியது. நுண்ணுணர்வு மிகுந்த மனம் இந்த உலகத்தைத் தாங்க முடியாமல் உடைந்தது என்று பேசிப் பேசி, நோயும் கவிதையும் ஒரே செடியின் இரண்டு பூ என்பதுபோல ஆக்கிவிட்டார்கள். அவர் மாத்திரை சாப்பிட்டாரா, அது அவருக்கு ஒத்துக்கொண்டதா, வேலை போனபிறகு எப்படிச் சாப்பிட்டார், வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்விகளை விமர்சனத்துக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். இவையெல்லாம் இலக்கியக் கேள்விகள் இல்லையாம். ஏன் இல்லை? ஒரு மனுசன் 33 வயசில் செத்துப்போனதை அழகியலாக மட்டும் படிப்பவனுக்குக் கவிதையும் தெரியாது, நோயும் தெரியாது. நான் கோயில் வாசலில் உட்கார்ந்ததை யாரும் நுண்ணுணர்வு என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் ஓர் உயர்சாதிக் கவிஞன் குடத்தோடு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு அதைப் பற்றி மூன்று கட்டுரை வந்திருக்கும்.

சினிமாவுக்கு வந்தால் '3' என்ற படம். 2012 மார்ச்சில் வந்தது, ஐஸ்வர்யா இயக்கி தனுஷ் நடித்தது. பாட்டு உலகம் பூராவும் ஓடியது. தமிழில் இந்த நோயின் பெயரையே வெளிப்படையாகச் சொன்ன பெரிய படம் அதுதான். எனக்கு நோய்ப் பெயர் தெரிந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள், அம்மாவும் நானும் பார்த்தோம். அதில் வருகிறவன் பணக்காரத் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு இல்லாத உருவம் தெரிகிறது, நாயைக் கொல்கிறான், பெண்டாட்டியை எங்கே கொன்றுவிடுவோமோ என்று பயந்து கடைசியில் தன்னையே அழித்துக்கொள்கிறான். நோயைத் தெரிந்துகொண்ட நண்பன் அதைக் கட்டினவளிடமே மறைக்கிறான், படம் அதைத் தியாகமாகக் காட்டுகிறது. படம் முடிந்ததும் அம்மா டிவியை அணைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ராத்திரி நான் தூங்கிவிட்டேனா என்று மூன்று தடவை வந்து பார்த்தாள். அருவாமனையை எடுத்துக் கூரை இடுக்கில் சொருகி வைத்தாள். ஒரு படம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு விமர்சனம் எழுதத் தெரியாது. இந்த நோயில் அந்த மாதிரி மாயத் தோற்றங்கள் சிலருக்கு வரும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான நாள் இந்த நோய் என்பது சாதாரண நாள்தான். மாத்திரை, பஸ், வேலை, கடன். அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை.

சரி, நம் எழுத்து? தலித் இலக்கியத்தில் இதைத் தொட்ட பக்கம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் பாமாவின் 'சங்கதி'யைச் சொல்வேன். 1994இல் வந்தது. பேய் பிடிப்பதைப் பற்றி அதில் ஒரு விவாதம் இருக்கிறது. ஏன் இந்தப் பேய் ஆம்பளைகளைப் பிடிக்கிறதில்லை, ஏன் மேல்சாதிப் பெண்களைப் பிடிக்கிறதில்லை, ஏன் சேரிப் பெண்களையே தேடிப் பிடிக்கிறது என்று கேட்டு, ஓய்வில்லாத உழைப்பும் அடியும் பயமும்தான் பேயாக ஆடுகிறது என்ற இடத்துக்கு வருகிறது அந்தப் பேச்சு. எந்த மனநலப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத வெளிச்சம் அது. மேல்மலையனூரில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போலக் களையெடுத்துக் கை வெடித்தவர்கள் என்பதை அதைப் படித்தபிறகுதான் கவனித்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளக்கம் சரி, ஆனால் முழுசு இல்லை. ஒடுக்குமுறை பேயாக ஆடுகிறது என்பதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். ஒடுக்குமுறையும் இருந்து, அதோடு உடம்புக்குள் ஒரு நோயும் இருந்தால்? என் அத்தை ஒருத்திக்கும் இதே மாதிரி ஏறி இறங்கும் என்று ஆயா பிற்பாடு சொன்னாள். இந்த நோய்க்குக் குடும்பவழி உண்டு, ரத்தத்தில் வரும். அதைச் சொன்னால் எங்கே நம் துயரத்தை உடம்புக் கோளாறு என்று சுருக்கிவிடுவார்களோ என்ற பயம் நமக்கு. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1851இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவதற்கே ஒரு மனநோய்ப் பெயர் வைத்தான். 1968இல் நியூயார்க்கின் இரண்டு மனநல டாக்டர்கள் கறுப்பர்களின் போராட்டத்தோடு சேர்த்து 'எதிர்ப்பு மனநோய்' என்று கட்டுரை எழுதினார்கள். மிச்சிகனில் அயோனியா என்ற ஊர் மருத்துவமனையில் கோபக்காரக் கறுப்பு ஆண்களை எப்படி மனச்சிதைவு நோயாளிகளாக அடைத்தார்கள் என்று ஜொனாதன் மெட்ஸல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இங்கேயும் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்தபோது, அரசு போட்ட விசாரணைக் குழு அவருடைய தனிப்பட்ட விரக்தியைத்தான் காரணமாக எழுதியது. சாதியைக் காணோம். ஆக, நம் கோபத்தை நோய் என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறான். அதனால் நாமோ நோயைக்கூடக் கோபம் என்று சொல்லிக் காப்பாற்றப் பார்க்கிறோம். அன்றைக்குக் கூட்டத்தில் என் முதுகில் தட்டிய தோழர் அதைத்தான் செய்தார். அன்பாகத்தான் செய்தார். யாராவது ஒருத்தர் 'தூங்கினியாம்மா?' என்று கேட்டிருந்தால் நாற்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நிறப்பிரிகை போன்ற இதழ்கள் ஃபூக்கோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. பழைய இதழ்களை ஒரு தோழர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து 2016இல் படித்தேன். பைத்தியம் என்பதே அதிகாரம் கட்டிய சொல்லாடல், 1656இல் பாரீசில் பொது மருத்துவமனை என்று கட்டிப் பிச்சைக்காரனையும் ஏழையையும் பைத்தியத்தையும் ஒன்றாகப் பூட்டினார்கள், மருத்துவம் என்பது கண்காணிப்பு. படிக்கப் படிக்க ரத்தம் ஏறியது. இதெல்லாம் பொய்யும் இல்லை. சென்னையில் வெள்ளைக்காரன் 1794இலேயே பைத்தியக்கார விடுதி திறந்தான், அதன் வழிவந்ததுதான் கீழ்ப்பாக்கம். நம் சங்கிலிக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மொய்தீன் பாதுஷா விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். கட்டிப்போட்டவன் ஃபூக்கோ சொன்ன மருத்துவனும் இல்லை. அங்கே மருத்துவமே இல்லை என்பதுதான் சங்கதி.

ஆனால் இதைப் பிரித்துப் படிக்க எனக்கு அப்போது புத்தி போதவில்லை. அதிகாரத்தின் மாத்திரையை நான் ஏன் முழுங்க வேண்டும் என்று லித்தியத்தை நிறுத்திவிட்டேன். ஏழே வாரம். மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கி, அந்தத் தடவை இறங்கினதில் நான் உயிரோடு இருப்பது தம்பி ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்ததால்தான். இதற்குமேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஃபூக்கோமேல் எனக்குக் கோபம் கிடையாது. மருந்து கிடைக்கிற நாட்டில் மருந்தின் அதிகாரத்தைப் பற்றிப் பேசினவர் அவர். 2015-16 தேசிய மனநல ஆய்வுப்படி நம் நாட்டில் இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மருத்துவமே கிடைக்கவில்லை. அந்த எழுபதில் நம்மாட்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 'மருந்தை மறு' என்று மொழிபெயர்த்தால் அது வேறு அர்த்தமாகிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பார்கள். சொல்லவில்லைதான். நான் அப்படித்தான் படித்தேன்.

லித்தியம் என்பது ஓர் உப்பு, அவ்வளவுதான். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் அது இந்த ஏற்றத்தை அடக்குவதைக் கண்டு எழுதினார். சோற்றுப்பும் இதுவும் சொந்தக்காரர்கள். உடம்பில் சோற்றுப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் அதற்குப் பதிலாக லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ரத்தத்தில் ஏறினால் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் 0.6க்கும் 1.2க்கும் நடுவில் இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இதைத்தான் நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் ஏசி அறையில் உட்கார்ந்து இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவனுக்கும் சித்திரை வெயிலில் ஏரி வேலைக்குப் போகிறவளுக்கும் உப்புக் கணக்கு வேறு. 2018 கத்திரியில் நூறு நாள் வேலைக்குப் போய் மண் வெட்டினேன். இடுப்பு வலி. ஒரு கிளினிக்கில் வலி ஊசி போட்டு மூன்று நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் வகை வலி மாத்திரை லித்தியத்தை உடம்பில் தேக்கும். நாலாம் நாள் கை உதறி, வாந்தி எடுத்து, நாக்கு குழறி, பஸ்ஸில் நிற்க முடியாமல் விழுந்தேன். கண்டக்டர், 'பொம்பளைங்களும் ஊத்திக்க ஆரம்பிச்சாச்சா' என்றார். பஸ்ஸே சிரித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு 2.1.

ஆகவே வெயில் காலத்தில் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கிறேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். மூன்று மாசத்துக்கு ஒருதடவை ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கிறேன், கூடவே தைராய்டும் சிறுநீரகமும். இந்த ரத்தப் பரிசோதனை எங்கள் பக்கத்தில் கிடைக்காது, பஸ் ஏறி, காசு கொடுத்துத் தனியார் லேபில் பார்க்கிறேன், ஒருநாள் கூலியும் போச்சு. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்தபிறகு அம்மாவின் சர்க்கரை மாத்திரை சேரித்தெருவுக்கே வந்தது. நல்ல காரியம். என் மாத்திரைக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் பொண்ணிடம், 'எனக்கும் ஒரு மாத்திரை இருக்கும்மா' என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவள் தன் அண்ணனைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள்.

2017 மனநலச் சட்டம், 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்தது, சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. இன்னொன்றும் சொல்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, நாளைக்குத் தடுமாறினால் எனக்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது, எனக்காக யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கலாம். நான் எழுதி வைத்திருக்கிறேன். தம்பி பேசுவான். 'குடும்பத்தில் குடிப்பழக்கம்' என்பதை முதல் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தேன், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதோ என்னவோ.

தமிழில் இந்த மாத்திரை, பஸ், வாடகை எல்லாவற்றோடும் இந்த வாழ்க்கையை எழுதினவர் ஒருவர் இருந்தார், கோபிகிருஷ்ணன். 2003இல் இறந்தார். உளவியல் படித்து, மனநல ஆலோசனை வேலையும் பார்த்து, தானும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, காசில்லாமல் வாழ்ந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' படித்துப் பாருங்கள். அவர் நோயைப் பட்டமாகவும் ஆக்கவில்லை, பேயாகவும் ஆக்கவில்லை. சிரிக்கவும் வைக்கிறார். எனக்கு அவரோடு சண்டை போட ஒன்றும் அகப்படவில்லை, அதனால்தான் அவரைப் பற்றிக் குறைவாக எழுதுகிறேன். அவர் உலகத்தில் சேரி இல்லை, அது அவர் தப்பும் இல்லை. அந்தப் பக்கம் நாம் எழுத வேண்டியது.

தோழர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நம் கூட்டங்கள் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கின்றன. தூக்கம் கெட்டு உழைப்பதைத் தியாகம் என்கிறோம். எனக்குத் தூக்கம் கெட்டால் அடுத்த வாரம் நோய் ஏறும், அது எனக்கு மழைமேகம் மாதிரித் தெரியும். ஒன்பதரைக்கு எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பினால், 'தோழர், அதுக்குள்ளயா?' என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து உட்கார்ந்திருந்த வருஷங்கள் உண்டு. போன அக்டோபர் 10 காரணை நாளில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஒன்பது நிமிஷம் பேசினேன். இறங்கி வரும்போது ஒரு கல்லூரிப் பையன், 'பழைய வேகம் இல்லையேக்கா' என்றான். அவன் 2013 பேச்சைச் செல்போனில் யாரோ எடுத்து வைத்ததில் பார்த்திருக்கிறான்.

அந்த ஆறு நாளில் நான் எழுதின நாலு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் படித்தேன். இருநூறு பக்கம். பாதி படிக்கவே முடியாத கையெழுத்து, நடுவில் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம், ஒரே வாக்கியம் பதினேழு தடவை. எம்.ஏ. படித்தவள் கண்ணோடு, சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு தேடினதில் ஒன்றரைப் பக்கம் தேறியது, குடவோலை பற்றினது. அதைக் கிழித்து எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த இதழுக்குச் செப்பனிட்டு அனுப்புகிறேன். மிச்சத்தை வெந்நீர் அடுப்புக்குப் போடலாமா என்று அம்மா கேட்டாள். வேணாம்மா, இருக்கட்டும் என்றேன். இதை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது, ஒருநாளும் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் எழுதவில்லை.